கும்பினிக்கும் ஒரு நன்னடத்தை விதி இருந்தது

பெரிய கம்பெனியில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு (நானும் அதில் ஒருத்தன்தான்) இது பழகிப்போன சங்கதி. வருஷத்துக்கு ஒரு தடவை 'நன்னடத்தைப் பயிற்சி'ன்னு ஒண்ணு வரும். கம்ப்யூட்டரில் நாலைந்து படம் ஓடும். வாடிக்கையாளர் தீபாவளிக்கு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தால் வாங்கலாமா? மச்சான் கடைக்கு ஆர்டர் கொடுக்கலாமா? மேலதிகாரியே தப்பு பண்ணினால் யாரிடம் சொல்வது? சரியான விடையை க்ளிக் பண்ணினால் சான்றிதழ். முடிஞ்சது வேலை.

இதெல்லாம் சமீபத்தில் அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்ச சமாச்சாரம் என்று நமக்கு ஒரு நினைப்பு. என்ரான் கம்பெனி 2000-ல் 64 பக்கத்துக்கு நன்னெறிப் புத்தகம் போட்டுவிட்டு 2001 டிசம்பரில் திவாலானது. நம்ம சத்யம் 2008-ல் நிர்வாக ஒழுங்குக்கு விருது வாங்கியது. 2009 ஜனவரியில் கணக்கெல்லாம் பொய் என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். இந்த மாதிரி கதைகள் நமக்குத் தெரியும். ஆனால் 'பரிசு வாங்காதே, கம்பெனிக்குப் போட்டியா சொந்த வியாபாரம் பண்ணாதே, பண்ண மாட்டேன்னு பத்திரத்தில் கையெழுத்துப் போடு' என்கிற சமாச்சாரம் எல்லாம் நம்ம சென்னைக் கோட்டையில் 250 வருஷத்துக்கு முன்னாடியே இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி, அதாவது நம்ம ஊர்க்காரர்கள் வாயில் 'கும்பினி'.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் கும்பினி என்றால் ஏதோ அரசாங்கம் மாதிரி படிச்சிருப்போம். உண்மையில் அது 1600 டிசம்பர் 31-ம் தேதி ராணியிடம் பட்டயம் வாங்கின ஒரு வியாபாரக் கம்பெனி. லண்டனில் தலைமை அலுவலகம், டைரக்டர்கள், பங்குதாரர் கூட்டம், டிவிடெண்ட், கிளை அலுவலகம், டிரான்ஸ்ஃபர், ப்ரமோஷன் எல்லாம் உண்டு. சரி, அப்போ இன்னிக்கு ஒரு கம்பெனியின் நேர்மையை எடைபோட என்னென்ன கேட்கிறார்களோ, அதையே கும்பினியிடமும் கேட்டுப் பார்த்தால் என்ன? விதி இருந்ததா? விதியைக் கடைப்பிடிக்கிற அளவுக்குச் சம்பளம் கொடுத்தார்களா? தப்பைச் சொன்னவன் கதி என்ன? தப்பு பண்ணினவன் கதி என்ன? இந்த நாலு கேள்விதான் இந்தப் பதிவு. வங்காளம் பக்கம் கொஞ்சம் போய்விட்டு வருவோம். மற்றபடி எல்லாம் சென்னைதான்.

அஞ்சு பவுன் சம்பளம்

முதலில் சம்பளம். கும்பினியில் கடைநிலை வெள்ளைக்கார ஊழியனுக்குப் பெயர் 'ரைட்டர்'. நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் மாதிரி, எழுதுவதுதான் வேலை. ராபர்ட் கிளைவ் 1744-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தது இந்த வேலையில்தான். சம்பளம் வருஷத்துக்கு 5 பவுன். மாசத்துக்கு இல்லைங்க, வருஷத்துக்கு! அதற்கு மேலே ஃபாக்டருக்கு 15 பவுன், வியாபாரி அந்தஸ்துக்கு வந்தவர்களுக்கு 30, 40 பவுன். தங்க இடமும் சாப்பாட்டுப் படியும் தனி.

பாதி உயிரைக் கப்பலிலும் மீதி உயிரைக் காய்ச்சலிலும் விடுகிற வேலைக்கு, 40 பவுனுக்கு எவன் வருவான்? ஆனாலும் சிபாரிசு பிடிச்சு வந்தார்கள். காரணம், கும்பினியே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புவது மட்டும்தான் கம்பெனியின் ஏகபோகம். ஆசியாவுக்குள்ளேயே துறைமுகத்துக்குத் துறைமுகம் நடக்கிற வியாபாரத்தை ஊழியர்கள் சொந்தக் காசில் பண்ணிக்கொள்ளலாம். வைர வியாபாரத்தையும் அப்படித்தான் விட்டுக் கொடுத்திருந்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. காலையில் கோட்டைக்குள் உட்கார்ந்து கம்பெனிக்காகத் துணி வியாபாரியிடம் விலை பேசுகிறவன், சாயங்காலம் அதே வியாபாரியிடம் தனக்காக விலை பேசுகிறான். எந்த விலை யாருக்கு என்று யார் பார்க்கிறார்கள்? லண்டனுக்குக் கடிதம் போய்ச்சேர ஆறேழு மாசம். பதில் வந்துசேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

யேல், பிட்: இரண்டு கவர்னர்கள்

எலைஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னை கவர்னர். சென்னை வியாபாரிகளோடு ரகசிய ஒப்பந்தம் போட்டுச் சொந்தமாகச் சம்பாதிக்கிறார் என்ற புகார் முற்றி, 1692-ல் டைரக்டர்கள் அவரைப் பதவியை விட்டு இறக்கினார்கள். விசாரணை வருஷக்கணக்காக இழுத்தது. அவரும் 1699 வரை சென்னையிலேயே இருந்துவிட்டு, சேர்த்த சொத்தோடு இங்கிலாந்துக்குக் கிளம்பிப் போனார். 1718-ல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு 9 பொதி சரக்கும், 417 புத்தகமும், ராஜாவின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. அந்தக் கல்லூரி நன்றியோடு அவர் பெயரை வைத்துக்கொண்டது. ஆமாங்க, அதே யேல் பல்கலைக்கழகம்தான்.

தாமஸ் பிட் கதை இன்னும் ஜோர். இவர் முதலில் கும்பினி ஆளே கிடையாது. கும்பினியின் ஏகபோகத்தை மீறிக் கள்ளத்தனமாக வியாபாரம் பண்ணினவர். அதற்காக அபராதமும் கட்டினார். அப்பேர்ப்பட்ட ஆளை 1698-ல் கும்பினியே சென்னை கவர்னராகப் போட்டது! திருடனைக் காவலுக்கு வைத்தால் மற்ற திருடர்களைப் பிடிப்பான் என்று கணக்குப் போட்டார்களோ என்னவோ. உண்மையில் நிர்வாகத்தில் அவர் கெட்டிக்காரர்தான். இங்கே இருந்தபோது ஒரு பெரிய வைரத்தை 48,000 வராகனுக்கு வாங்கி மகன் மூலம் லண்டனுக்கு அனுப்பினார். பட்டை தீட்டி 1717-ல் பிரான்ஸ் நாட்டை அப்போது ஆண்டுகொண்டிருந்த ஆர்லியன்ஸ் பிரபுவுக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். வாங்கின விலை கிட்டத்தட்ட 20,000 பவுன். இப்போது அது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த லாபம் பிட் குடும்பத்தை இங்கிலாந்து அரசியலில் தூக்கி நிறுத்தியது. பேரனும் கொள்ளுப்பேரனும் பிரதமர் ஆனார்கள். கொள்ளுப்பேரனை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருவார்.

1765: கையெழுத்துப் போடு!

1757 பிளாசிக்குப் பிறகு ஆட்டம் வேற லெவலுக்குப் போனது. மீர் ஜாஃபரை நவாப் ஆக்கியதற்காக கிளைவ் ஒருத்தர் மட்டும் வாங்கின 'அன்பளிப்பு' 2,34,000 பவுன். அது போக வருஷம் 27,000 பவுன் வருமானத்துக்கு ஒரு ஜாகிர். அஞ்சு பவுன் ரைட்டர்!

டைரக்டர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1764-ல் புது உடன்படிக்கை ஒன்று எழுதி அனுப்பினார்கள். 4,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு என்றால் லண்டன் அனுமதி வேண்டும். 1,000 ரூபாய்க்கு மேல் என்றால் கவர்னர் கவுன்சில் அனுமதி வேண்டும். எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைய கம்பெனிகளின் பரிசு வரம்பு விதிக்கு அச்சு அசல் தாத்தா.

பத்திரம் 1765 ஜனவரியில் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. கவுன்சில் அதைத் தூக்கி ஓரமாக வைத்தது. அடுத்த மாசமே மீர் ஜாஃபர் செத்துப்போனார். அவர் மகனை நவாப் ஆக்கி, அதற்கான அன்பளிப்புகளை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். மே மாசம் கிளைவ் திரும்பி வந்து எல்லாரையும் மிரட்டிக் கையெழுத்து வாங்கினார். ஒழுக்கத்தைச் சொல்லிக் கொடுக்க யாரை அனுப்பினார்கள் பாருங்க! அதே கிளைவ் அதே வருஷம் மூத்த ஊழியர்களுக்காக உப்பு வியாபாரத்தை மொத்தமாக வளைத்துப்போடுகிற ஒரு சங்கத்தையும் ஆரம்பித்து வைத்தார். சம்பளம் போதாது, அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்பது அவர் வாதம். நோயை அவர் சரியாகத்தான் கண்டுபிடித்தார். மருந்துக்கான பில்லை மட்டும் உப்பு வாங்குகிற ஏழையிடம் நீட்டினார்.

நவாப் கடன்

பரிசு வாங்கக் கூடாது என்றால் கடன் கொடுக்கலாம் இல்லையா? :-) சென்னை மூளை இங்கேதான் வேலை செய்தது.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா கும்பினியின் துப்பாக்கி பலத்தில் பதவிக்கு வந்தவர். 1768-ல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டிச் சென்னைக்கே குடிவந்தார். போர்ச் செலவுக்காக அவர் கும்பினிக்குப் பணம் கட்ட வேண்டும். கையில் காசு இல்லை. உடனே கும்பினி ஊழியர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் அவருக்குக் கடன் கொடுத்தார்கள். வட்டி ஆரம்பத்தில் 30, 36 சதவீதம் வரை. மீட்டர் வட்டிக்காரன் பிச்சை வாங்க வேண்டும். அதை வாங்கி அவர் கும்பினிக்குத் தவணை கட்டுவார். கடனுக்கு ஈடாக, இன்ன சீமையின் நிலவரியை நீயே வசூல் பண்ணிக்கோ என்று எழுதிக் கொடுப்பார். அறுவடை சமயத்தில் கடன்காரனின் ஆள் களத்துமேட்டில் வந்து நிற்பான். அந்த வரி இவனுக்குப் போய்விட்டதால் அடுத்த வருஷம் கும்பினிக்குக் கட்டப் பணம் இருக்காது. அதனால் மறுபடியும் கடன்.

இதில் முக்கியமான விஷயம் என்னன்னா, நவாபை எப்படி நடத்துவது, எந்த ஊரைப் பிடித்து அவருக்குக் கொடுப்பது என்று முடிவு பண்ணுகிற கவுன்சிலில் உட்கார்ந்திருந்தவர்களும் அவர்களுடைய சிநேகிதர்களும்தான் கடன் கொடுத்தவர்கள். 1773-ல் கும்பினிப் படை தஞ்சாவூரைப் பிடித்து, ராஜா துளஜாவைச் சிறைவைத்து, நாட்டை நவாபிடம் ஒப்படைத்தது. தஞ்சாவூர் நெல் வருமானம் நவாப் கைக்கு வந்தால் யாருக்கு லாபம்? கடன்காரர்களுக்குத்தான். கடன் பெருகப் பெருக, அடைக்க இன்னொரு வயல் வேண்டியிருந்தது.

பிகட்டைக் கைது செய்த கதை

டைரக்டர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. தஞ்சாவூரை ராஜாவிடமே திருப்பிக் கொடு என்று உத்தரவு போட்டு, 1775-ல் லார்ட் பிகட்டை இரண்டாம் முறை கவர்னராக அனுப்பினார்கள். பிகட் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. முதல் முறை கவர்னராக இருந்துவிட்டுப் பெரும் சொத்தோடு ஊருக்குப் போனவர். ஆனாலும் இந்தத் தடவை சொன்ன வேலையைச் செய்தார். 1776 ஏப்ரலில் துளஜாவுக்கு மறுபடி அரசு கிடைத்தது.

உடனே பால் பென்ஃபீல்ட் என்கிற கும்பினி ஊழியர் ஒரு கணக்கை நீட்டினார். தஞ்சாவூர் வருமானத்தின் மேல் நவாப் எழுதிக் கொடுத்தது 1,62,000 பவுன். தஞ்சாவூர்க் குடிகளின் வயலில் நிற்கிற பயிரின் மேல் தான் கொடுத்த கடன் 72,000 பவுன். ஆக மொத்தம் 2,34,000 பவுன். கிளைவ் பிளாசியில் வாங்கினதும் இதே எண்தான், தற்செயல்! சம்பளமோ வருஷத்துக்குச் சில நூறு பவுன். பிகட் மறுத்தார். கவுன்சிலில் பெரும்பான்மை பென்ஃபீல்ட் பக்கம் சாய்ந்தது. பிகட் தன் எதிராளிகள் இரண்டு பேரை இடைநீக்கம் செய்தார். இதுவும் விதிப்படி சரியா என்பது கேள்விதான்.

1776 ஆகஸ்ட் 24. கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அன்றைக்கு பிகட் வீட்டில்தான் சாப்பிட்டார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் கோட்டையிலிருந்து தோட்ட வீட்டுக்குக் கிளம்பினார்கள். தீவுத்திடலில் சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். ஏற்பாடு பண்ணினவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டூவர்ட்! கவர்னரைப் பரங்கிமலைக்குக் கொண்டுபோய்ச் சிறைவைத்தார்கள். 1777 மே 11-ல் காவலிலேயே பிகட் இறந்துபோனார். அவரை மீண்டும் பதவியில் வைக்கச் சொன்ன லண்டன் உத்தரவு வந்து சேர்ந்தபோது ஆள் இல்லை.

தண்டனை? கவுன்சிலர்கள் நாலு பேர் மேல் லண்டனில் வழக்கு நடந்தது. 1780-ல் தலைக்கு 1,000 பவுன் அபராதம். அவ்வளவுதான். பென்ஃபீல்டைத் திரும்ப அழைத்தார்கள். அவர் 1780-ல் பார்லிமென்ட் உறுப்பினர் ஆனார். அடுத்த வருஷமே கும்பினி வேலையோடு சென்னைக்கே திரும்பி வந்தார்.

தப்பைச் சொன்னவன் கதி

பிகட் கவர்னர், அவருக்காகப் பேச லண்டனில் ஆள் இருந்தது. சாதாரண அதிகாரி என்றால்? 1789-ல் சென்னை கவர்னர் ஜான் ஹாலண்ட். அவர் தம்பி எட்வர்டும் இங்கேயே. இந்த அண்ணன் தம்பிகளுக்கு வலதுகை அவதானம் பாப்பையா என்கிற துபாஷி. எந்த வேலை ஆகணும்னாலும் பாப்பையாவைப் பார்க்க வேண்டும். வருவாய் வாரியத்தில் இருந்த டேவிட் ஹாலிபர்ட்டன் இவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தார். பொய்ப் புகார் ஜோடித்து அவரை வாரியத்தை விட்டே நகர்த்தினார்கள்.

1790-ல் கார்ன்வாலிஸ் நெருக்கியதும் ஹாலண்ட் சகோதரர்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார்கள். 1792-ல் சென்னையில் சதி வழக்கு நடந்து, குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனவர் பாப்பையா. பாப்பையா யோக்கியன் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் துபாஷி யாருடைய பலத்தில் ஆடினானோ அவர்கள் ஊரில் சுகமாக இருந்தார்கள். சூளைப் பக்கம் போனால் அவதானம் பாப்பையா பெயரில் இன்னமும் ஒரு தெரு இருக்கிறது. ஹாலிபர்ட்டனை யாருக்கும் ஞாபகம் இல்லை.

கடைசியில் தணிக்கை நடந்தது

இப்போ கொள்ளுப்பேரன் பிட்டுக்கு வருவோம். 1784-ல் பிரதமராக அவர் கொண்டுவந்த சட்டத்தால் கும்பினிக்கு மேலே அரசாங்கத்தின் கட்டுப்பாட்டு வாரியம் ஒன்று வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நவாப் கடன்களை விசாரித்து உண்மையானதை மட்டும் கொடுப்போம் என்று டைரக்டர்களே சொன்னபோது, அந்த வாரியம் மறுத்துவிட்டது. விசாரணையே இல்லாமல் கர்நாடகச் சீமை வருமானத்திலிருந்து வருஷா வருஷம் கொடு என்றது. 1785 பிப்ரவரி 28-ல் எட்மண்ட் பர்க் பார்லிமென்டில் மணிக்கணக்காகப் பேசினார். இவை போலிக் கடன்கள், கடன்காரர்களின் ஓட்டுக்காகத்தான் இந்தச் சலுகை என்று குற்றம் சாட்டினார். தீர்மானம் தோற்றது. சென்னையில் அப்போது கவர்னராக இருந்த மெக்கார்ட்னி, நவாபின் நாட்டு வரியைத் தானே வசூலித்து ஒழுங்குக்குக் கொண்டுவந்திருந்தார். லஞ்சம் வாங்காதவர் என்று பெயர் எடுத்தவர். வசூலை நவாபிடமே திருப்பிக் கொடு என்று உத்தரவு வந்ததும் அவர் பதவியை விட்டுவிட்டுப் போனார். (பிகட்டைப் பிடித்த அதே ஸ்டூவர்ட்டை 1783-ல் இவர் கைது பண்ணிக் கப்பலேற்றியிருந்தார். 1786-ல் இங்கிலாந்தில் துப்பாக்கிச் சண்டையில் ஸ்டூவர்ட் இவரைச் சுட்டுக் காயப்படுத்திப் பழிதீர்த்துக்கொண்டார்.)

1801-ல் கர்நாடகத்தைக் கும்பினியே எடுத்துக்கொண்டது. பாக்கிக் கடன்களை விசாரிக்க 1805-ல் ஒரு கமிஷன் போட்டார்கள். அது 1830 வரை உட்கார்ந்தது. வந்த கோரிக்கைகள் மொத்தம் 3 கோடி பவுனுக்கு மேல். உண்மை என்று தேறியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் வெறும் காகிதம். பர்க் சந்தேகப்பட்டது சரி என்று நிரூபணமாக 45 வருஷம் ஆனது. அதற்குள் 1784-ல் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்ட பழைய கடன்களில் எவ்வளவு நிஜமோ, யாருக்குத் தெரியும்? வாங்கினவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கட்டினது யார்? 1780-ல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபிறகு சென்னையைச் சுற்றிப் பஞ்சம். 1782-ல் வடசென்னையில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் திறந்தார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்வது அதனால்தான். அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவன் நிலத்து வரியின் மேல்தான் கோட்டைக்குள் இருந்தவனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

மார்க் ஷீட்

விதி இருந்ததா? பிரமாதமாக இருந்தது. சம்பளம்? 1786-க்குப் பிறகு கார்ன்வாலிஸ்தான் சரி செய்தார். வங்காளத்தில் கலெக்டருக்கு மாசம் 1,500 ரூபாயும் வசூலில் கமிஷனும் கொடுத்து, சொந்த வியாபாரத்தைத் தடை செய்தார். நிஜமாகவே லஞ்சம் குறைந்தது. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவருடைய ஏற்பாட்டில் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. வெள்ளைக்காரன் திருடினால் சம்பளம் போதவில்லை என்று அர்த்தம், கூட்டிக் கொடு. இந்தியன் திருடினால் அது அவன் பிறவிக்குணம், பெரிய பதவியே கொடுக்காதே. 1793-லிருந்து வருஷம் 500 பவுனுக்கு மேற்பட்ட பதவிகள் சட்டப்படியே நம்மாட்களுக்கு மூடப்பட்டன. நூறு வருஷமாகக் கொள்ளையடித்தது ஒருத்தர், கெட்ட பெயர் வாங்கினது இன்னொருத்தர்.

தப்பைச் சொன்னவனுக்கும் பண்ணினவனுக்கும் என்ன மார்க் என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கும்பினிக்கு நூற்றுக்கு நூறு. எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். கவுன்சிலில் யார் என்ன சொன்னார், யார் எதிர்த்தார், யார் தனிக் குறிப்பு எழுதினார் என்று வரிக்கு வரி. பிகட்டின் எதிராளிகள்கூட தங்கள் பக்க நியாயத்தை உட்கார்ந்து எழுதி லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்தக் கட்டுகளில் நிறைய இன்றும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தப்பு பண்ணினவனே தன் கையால் எழுதின சாட்சி. டெலிட் பட்டன் இல்லாத காலம், பாவம்!

எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. விதிப் பத்திரத்தில் முதல் கையெழுத்தை யாரிடம் வாங்க வேண்டும், ரைட்டரிடமா, கவர்னரிடமா? கும்பினி ரைட்டரில் ஆரம்பித்தது. உங்க கம்பெனியில் எப்படி? பின்னூட்டத்தில் சொல்லுங்க. கம்பெனி பெயர் வேண்டாம், வேலை போயிடும் :-)